கொடுத்த கையின் பெயர்

மார்கழி எட்டு. விடியுமுன் பரங்கிப்பேட்டைத் தெருக்களில் நடந்தேன். வெள்ளாற்றுப் பக்கமிருந்து ஏறிய பனி ஓடுகளின் நுனியில் சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. சுபுஹு தொழுகை முடித்த இரண்டு மூன்று பேர் துண்டைத் தலையில் போர்த்தியபடி வீடு திரும்பினார்கள். அடுத்த தெருவில் ஒரு பெண் கோலத்தை முடித்துவிட்டு, சாணி உருண்டையில் பரங்கிப்பூவைச் செருகிக் கோலத்தின் நடுவில் வைத்தாள். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். தெருவில் வேறு வெளிச்சமே இல்லை.

பரங்கிப்பேட்டையில் ஒரு பரங்கிப்பூ. ஊருக்கும் பூவுக்கும் ஒரே பெயர். எத்தனையோ தரம் இந்தத் தெருவில் நடந்திருக்கிறேன், இது இன்றுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் இந்தக் குறிப்பேட்டைத் திறந்தேன்.

*

எங்கள் ஊர் இங்கிருந்து உள்ளே தள்ளி, புவனகிரிப் பக்கம். சிறுவயதில் பரங்கிப்பேட்டை என்றால் பரங்கிக்காய் விளைகிற ஊர் என்றுதான் நினைத்திருந்தேன். ஊர் முழுக்கக் கூரைமேல் கொடி ஓடி, வீட்டுக்கு வீடு குண்டு குண்டாய்க் காய் உட்கார்ந்திருக்கும் என்று மனசுக்குள் ஒரு படம். முதன்முதலில் அப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கியபோது கண்ணில் பட்டதெல்லாம் மீன்கூடையும் பள்ளிவாசல் மினாராவும். ஏமாற்றமாக இருந்தது.

ஆயாவிடம் ஒரு பழக்கம். தோட்டத்தில் எது காய்த்தாலும் அதை விதை கொடுத்தவர் பெயரால்தான் சொல்வாள். "அகரத்து வீட்டுப் பரங்கி", "சம்பந்தி வீட்டு அவரை", "வாத்தியார் வீட்டுக் கத்திரி". காயின் ருசியைவிட அது வந்த வழி அவளுக்கு முக்கியம். ஒருநாள் அரிவாள்மணையில் பரங்கிக்காயைக் கீத்துப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"ஆயா, இதுக்கு ஏன் பரங்கின்னு பேரு?"

"பரங்கிக்காரன் குடுத்திருப்பான். குடுத்தவன் பேருதான்டா நிக்கும்."

"பரங்கிக்காரனுக்கு யாரு குடுத்தா?"

ஆயா கொஞ்சம் யோசித்தாள். விதையை வழித்துச் சாம்பலில் புரட்டிக்கொண்டே, "அவனுக்கும் எவளாச்சும் ஒருத்தி குடுத்திருப்பா. வெதை தானா நடந்து வருமா?" என்றாள்.

அந்த ஒருத்தியைத் தேடித்தான் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

*

ஊருக்கு மூன்று பெயர். தமிழில் பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர் வைத்தது போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். பாரசீகமும் உருதும் எழுதியவர்கள் மஹ்மூத் பந்தர் என்றார்கள். பந்தர் என்றாலும் துறைமுகம்தான். வெள்ளைக்காரர் காலத்து இம்பீரியல் கெஜட்டியரில் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன.

பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில், செஞ்சி நாயக்கர்கள் ஆண்ட காலத்தில், போர்த்துக்கீசியர் வெள்ளாற்று முகத்துவாரத்தின் வடகரையில் வந்து தங்கினார்கள். பின்னால் டச்சுக்காரர்கள் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். மரக்காயர்களின் கப்பல்கள் இந்தக் கரையிலிருந்து கிழக்குக் கடலுக்கு ஓடின. வந்தவர்கள் தங்கள் வசதிப்படி அழைத்தார்கள். கடலிலிருந்து பார்த்தவனுக்கு இது துறைமுகம், புதுசு. கரையிலிருந்து பார்த்த தமிழனுக்கு இது யாரோ குடியிருக்கிற பேட்டை. இங்கே இருப்பது யார் என்பதைத்தான் அவன் பெயராக வைத்தான். துறைமுகம் பழசா புதுசா என்பது அவனுக்குப் பொருட்டில்லை.

ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டுத் தலைநகரின் பெயரும் போர்ட்டோ நோவோதான். அதற்கும் மூன்று பெயர். போர்த்துக்கீசியர் வைத்தது ஒன்று, உள்ளூரார் சொல்லும் ஹொக்போனு ஒன்று, யொரூபா மக்கள் சொல்லும் அஜாஷே ஒன்று. அடிமை வியாபாரம் நடந்த துறை அது. கேப் வெர்டே தீவுகளிலும் ஒரு போர்ட்டோ நோவோ இருக்கிறது. ஒரே கப்பல் கூட்டம், மூன்று கடற்கரையில் ஒரே பெயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. பெனினில் அது இன்னும் தலைநகரின் பெயராக நிற்கிறது. இங்கே அது மெல்ல உதிர்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கிருந்து வந்த பழைய ஆய்வுக் கட்டுரைகளில் "வெள்ளாற்றுக் கழிமுகம், போர்ட்டோ நோவோ" என்று இருக்கும். பிற்காலத்துக் கட்டுரைகளில் அதே கழிமுகம், அதே சேறு, அதே நண்டு. ஊர்ப்பெயர் மட்டும் பரங்கிப்பேட்டை.

*

சொல்லின் வேர் வெகு தூரத்தில் கிடக்கிறது. ஐரோப்பாவில் ஃபிராங்க் என்று ஒரு கூட்டம். அவர்களால் ஃபிரான்ஸ் என்று ஒரு நாட்டுக்குப் பெயர் வந்தது, ஃபிராங்க்ஃபர்ட் என்று ஒரு நகரத்துக்குப் பெயர் வந்தது, ஃபிராங்க் என்று ஒரு காசுக்கும் வந்தது. சிலுவைப் போர்களின்போது அரபிகள், மேற்கிலிருந்து வந்த கிறித்தவப் படையினர் எல்லோரையும் அந்த ஒரு பெயரால் அழைத்தார்கள். அரபியில் இஃப்ரஞ்ச், பாரசீகத்தில் ஃபிரங்கி. கடல் வியாபாரிகளின் நாக்கில் அது எத்தனையோ கரைகளுக்குப் போயிற்று. தாய்லாந்தில் இன்றும் வெள்ளைக்காரரை ஃபராங் என்கிறார்கள், எத்தியோப்பியாவில் ஃபெரெஞ்ச். பினாங்குத் தீவில் பத்து ஃபெரிங்கி என்று ஒரு கடற்கரை.

நமக்கு 'ஃ'போட்ட அந்த ஓசை கிடையாது. பகரமாக்கி வாங்கிக்கொண்டோம். பழைய அகராதிகளும் இலங்கைத் தமிழரும் வல்லின றகரம் போட்டுப் பறங்கி என்பார்கள். இந்த ஊரும் சென்னைப் பரங்கிமலையும் இடையின ரகரத்தோடு நிலைத்துவிட்டன.

இங்கிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சு என்கிறோம், இங்கே பரங்கி என்கிறோம். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று தன் வீட்டிலிருந்து நேராக வந்தது. மற்றது பாலைவனமும் அரபிக்கடலும் சுற்றி வந்தும், அண்ணனாக முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது.

*

பரங்கி என்பது வெறும் அடையாளமாக மட்டும் இருந்ததில்லை. அது ஒரு வசவு.

1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரி ராபர்ட் டி நோபிலியின் வாழ்க்கையே இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் போயிற்று. அவருக்கு முன்னால் அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்தவர் கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியர். மதம் மாற வருபவரிடம் "பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா?" என்ற பொருளில்தான் கேட்கும் வழக்கம் இருந்தது. கேட்டவர்களுக்கு அது தெய்வத்தைப் பற்றிய கேள்வியாகப் படவில்லை. மாட்டுக்கறி தின்று, சாராயம் குடித்து, குளிக்காமல் திரியும் ஒரு கூட்டத்தில் சேருகிறாயா என்றே அவர்கள் காதில் விழுந்தது. நோபிலி இதைக் கண்டுகொண்டார். தான் பறங்கி அல்ல, ரோமாபுரியின் உயர்குலத்தில் பிறந்த துறவி என்று சொல்லிக்கொண்டார். காவி கட்டினார், புலாலை விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார், தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். அவருடைய சபைக்குள்ளேயே அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. வழக்கு ரோம் வரைக்கும் போய், 1623-இல் போப்பாண்டவரின் ஆணை அவர் பக்கம் வந்தது.

ஒரு மனிதர் ஒரு சொல்லிலிருந்து தப்பிக்க இவ்வளவு பாடு பட்டிருக்கிறார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களிலேயே மதம் மாறியவர்கள். பறங்கிக் குலத்தில் சேர்ந்தவர்கள் என்ற பேச்சு அவர்கள்மேலும் விழுந்தது. கடலில் மூழ்கி மூச்சடக்கிப் பிழைத்தவர்களுக்கு, நான் உயர்குலம் என்று சொல்லிக்கொண்டு விலகி நிற்க வழி இருக்கவில்லை. வசவைத் தாங்கிக்கொண்டு இருந்தார்கள்.

*

இலங்கையில் கதை வேறு. அங்கே பறங்கியர் என்பது ஒரு சமூகத்தின் பெயர். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் வழிவந்தவர்களை ஆங்கிலத்தில் பர்கர் என்பார்கள், தமிழில் பறங்கியர். மட்டக்களப்பில் போர்த்துக்கீசிய வழிப் பறங்கியர் இருக்கிறார்கள். தச்சு வேலையும் இரும்பு வேலையும் செய்தவர்கள் பலர். நாட்டை விட்டுப் போர்த்துக்கீசியர் போய் முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும், அவர்கள் வீடுகளில் போர்த்துக்கீசியக் கலப்பு மொழி ஒன்று கல்யாணப் பாட்டாக, பேச்சாகப் பிழைத்து வந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் தமிழ், தங்கள் வீட்டில் அந்தக் கிரியோல்.

மதுரையில் ஒருவர் உதறிய பெயரை மட்டக்களப்பில் ஒரு சனம் குடும்பப்பெயர் போலத் தரித்துக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

*

நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பறங்கிப்பட்டை கேட்டேன். கடைக்காரர் தகர டப்பாவிலிருந்து முடிச்சு முடிச்சாய், செம்பழுப்பாய், கல் கனத்தில் நான்கைந்து துண்டு எடுத்துத் தட்டில் போட்டார். "சூரணத்துக்குங்களா? தோல் வியாதியா?" என்றார். சும்மா பார்க்கத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நூறு கிராம் வாங்கி வந்தேன்.

பட்டை என்று பெயர், ஆனால் இது கிழங்கு. ஸ்மைலாக்ஸ் என்ற முள்கொடியின் வேர்க்கிழங்கு. விளைந்தது சீன நாட்டில். வந்த கதை துயரமானது. போர்த்துக்கீசியர் இந்தியக் கரைக்கு வந்தபோது மேகப்புண் நோயும் கூட வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பாவமிஸ்ரர் எழுதிய பாவப்பிரகாசத்தில் அந்த நோய்க்குப் பெயர் ஃபிரங்க ரோகம். தமிழிலும் அதைப் பறங்கி வியாதி, பறங்கிப் புண் என்றார்கள். அதற்கு மருந்தாகப் பாவமிஸ்ரர் சொல்லும் சரக்குகளில் ஒன்று இந்தக் கிழங்கு. கோவாவில் இருந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா டா ஒர்ட்டா 1563-இல் அச்சிட்ட மருந்துச் சரக்கு நூலிலும் சீனக் கிழங்கைப் பற்றி ஒரு பகுதி உண்டு. நோயும் பரங்கி, மருந்தும் பரங்கி. ஒரே கப்பலில் இரண்டும் இறங்கின.

ஐரோப்பாவில் அந்த நோயை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றார்களாம், பிரெஞ்சுக்காரர் நாப்பொலி நோய் என்றார்களாம். எல்லோரும் அடுத்தவன் பெயரைத்தான் போட்டார்கள். நாமும் அதையே செய்தோம். இலங்கையில் யாஸ் என்ற இன்னொரு புண்நோய்க்கும் பரங்கி என்றே பெயராகி, வெள்ளைக்கார மருத்துவர்கள் எழுதிய அறிக்கையிலும் அந்தச் சொல் ஏறியது.

ஒன்றைக் கவனித்தேன். இதே கிழங்குக்குப் பாரசீக வழியில் வடக்கே சோப்சீனி என்று பெயர். சீனத்துக் கட்டை என்று பொருள். அவர்கள் விளைந்த நிலத்தின் பெயரைச் சொன்னார்கள். நாம் கொண்டுவந்து இறக்கியவன் பெயரைச் சொன்னோம்.

*

பட்டை என்றதும் இன்னொரு பட்டை நினைவுக்கு வருகிறது.

பத்து வயதில் எனக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் குளிர் தூக்கிப் போடும். மூன்று கம்பளி போட்டாலும் பல் தந்தியடிக்கும். அப்போது விழுங்கிய மாத்திரையின் கசப்பு இன்னும் அடிநாக்கில் இருக்கிறது. பெரியவர்கள் அதற்குச் சொன்ன பெயர் கொயினா. எந்தக் கசப்பான மாத்திரையும் எங்கள் வீட்டில் கொயினாதான். "மூஞ்சிய ஏன் கொயினா தின்னாப்ல வச்சிருக்க?" என்று ஆயா கேட்பாள்.

அது கெச்சுவா மொழிச் சொல். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடரில், பெருவிலும் பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் பேசுகிற மொழி; இன்காக்களின் ஆட்சி மொழி. அதில் கினா என்றால் பட்டை. கினா-கினா என்று இரட்டித்தால் பட்டையிலெல்லாம் சிறந்த பட்டை. நாம் மலைமலையாய், கூடைகூடையாய் என்று அடுக்குவது போல அவர்களும் அடுக்கியிருக்கிறார்கள். முதலில் அந்தப் பெயர் வேறொரு பிசின் மரத்துக்கு இருந்ததென்றும், பிறகுதான் காய்ச்சல் மரத்துக்கு மாறியதென்றும் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஸ்பானியர் அதைக் கினா என்று எடுத்துக்கொண்டார்கள். 1820-இல் பாரிஸில் பெல்லத்தியே, கவந்து என்ற இருவர் பட்டையின் சத்தைப் பிரித்தெடுத்தபோது கினின் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் குயினைன். தமிழன் வாயில் கொயினா.

மரத்துக்கு மட்டும் வேறு பெயர் போட்டுவிட்டார்கள். சிங்கோன் என்ற ஊர்ச் சீமாட்டி ஒருத்தி இந்தப் பட்டையால் குணமானாள் என்று ஒரு கதை. அதை நம்பி 1742-இல் லின்னேயஸ் சிங்கோனா என்று பதிந்தார். அந்தக் கதை நிலைக்கவில்லை. பெயர் நிலைத்தது. 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கன்றும் விதையும் கடத்திக்கொண்டு வர, நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. ஆனைமலையில் வால்பாறைக்குப் பக்கத்தில் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. தபால் ஆபீஸ்களில் கொயினாப் பொட்டலம் விற்ற காலமும் உண்டு.

ஆண்டிஸ் மலையில் எவளோ ஒருத்தி குளிர்க்காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தபோது சொன்ன சொல், புவனகிரிப் பக்கத்துத் திண்ணையில் என் வாய்க்கு வந்து சேர்ந்தது. இந்த ஒரு சரக்கில் கொடுத்தவள் பெயர் தப்பித்துக்கொண்டது.

*

பீரங்கி என்ற சொல்லையும் இங்கே எழுதி வைக்கிறேன். அதுவும் இதே ஃபிரங்கிதான். தெலுங்கில் ஃபிரங்கி என்றாலே பீரங்கி. வந்தவன் பெயரை அவன் கையில் இருந்த வெடிக்குழாய்க்கு வைத்தோம்.

1781-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிதம்பரம் கோயிலைக் கோட்டையாக்கி ஹைதர் அலியின் வீரர்கள் காவல் இருந்தபோது, அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி தாக்கிப் பார்த்துத் தோற்றுத் திரும்பினார். ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டைக்கு அருகில் ஹைதரும் கூட்டும் நேருக்கு நேர் மோதினார்கள். அன்று கூட் வென்றார். ஹைதர் படையிலும் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் பரங்கி, இரண்டு பக்கத்திலும் பீரங்கி, களமும் பரங்கிப்பேட்டை. நடுவில் செத்தவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் சிப்பாய்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்த ஊருக்கும் வைக்கப்படவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, 1830-இல், ஜோசையா மார்ஷல் ஹீத் இங்கே இரும்பாலை வைத்தார். சேலத்துத் தாதுக்கல்லைப் படகில் கொண்டுவந்து, காட்டு மரத்தைக் கரியாக்கி உருக்கினார்கள். கரிக்காகக் காடுகள் போயின. ஆலையும் 1860-களில் போயிற்று. சேலத்துக் கல்லுக்குப் போர்ட்டோ நோவோ இரும்பு என்று பெயர் விழுந்து, அந்தப் பெயரும் இன்று யார் வாயிலும் இல்லை.

*

இனி காய்.

பரங்கிக்காய்க்குத் தமிழ்நாட்டிலேயே எத்தனை பெயர். நம் பக்கத்திலும் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் பரங்கி. தெற்கே மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி. கொங்கு நாட்டில் அரசாணிக்காய். பூசணி என்ற பெயர் முதலில் சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணிக்கு உரியது. அதுதான் இங்கே பழங்காலத்துக் காய். புதிதாய் வந்த காய்க்கு அந்தப் பெயரில் மஞ்சளையும் சர்க்கரையையும் முன்னால் ஒட்டிக்கொடுத்தார்கள். அரசாணி என்றால் கொங்குக் கல்யாணப் பந்தலில் நடும் மங்கலக்கால். அப்படி ஒரு சொல்லை இந்தக் காய்க்கும் சொல்லுகிற சனம், இதைப் பிறத்தியாராக நினைத்திருக்க முடியாது.

மலையாளத்திலும் இதே வழி. அங்கே முந்திரிமரம் பறங்கிமாவு. முந்திரியும் பிரேசிலிலிருந்து பரங்கிக் கப்பலில் வந்ததே.

1492-க்கு முன்னால் நம்மூர்க் கூரைகளில் பரங்கிக்கொடி ஓடியதில்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. வடக்குப் பெருவில், ஆண்டிஸின் மேற்குச் சரிவில், நியான்சோக் என்ற பள்ளத்தாக்கில் பழங்காலக் குடியிருப்புகளை அகழ்ந்தபோது பரங்கி விதைகள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 10,000 ஆண்டு. இனம் குக்கர்பிட்டா மொஸ்காட்டா. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 பரங்கியும் அதே இனம்தான். பெருவின் மொச்சே குயவர்கள் பரங்கிக்காய் வடிவத்திலேயே சட்டி வனைந்திருக்கிறார்கள். வரிவரியாய், காம்போடு, அச்சு அசலாக. படத்தில் பார்த்தபோது எங்கள் ஊர் அடுப்பங்கரை மூலை என்றே தோன்றியது.

கெச்சுவா மொழியில் இதற்குப் பெயர் சப்பல்யு.

இந்தச் சொல்லை எழுதிவிட்டு வாய்விட்டு நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தேன். சப்பல்யு. ஸ்பானியர் அதைச் சப்பாயோ என்று தங்கள் நாக்குக்கு மாற்றி எடுத்துக்கொண்டார்கள். பெருவிலும் அர்ஜென்டினாவிலும் சிலியிலும் இன்றைக்கும் சந்தையில் பரங்கிக்காய் வாங்குகிறவர்கள் சப்பாயோ என்றுதான் கேட்கிறார்கள். சிலி நாட்டில் பசிபிக் கடற்கரையில் சப்பாயார் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சப்பாயோ விளையும் இடம் என்று பொருள். கடலோரம், பரங்கிக்காயின் பெயரால் ஓர் ஊர். நான் சின்னவயதில் பரங்கிப்பேட்டையைப் பற்றி நினைத்துக்கொண்ட படம் உண்மையாக இருக்கிற இடம், உலகத்தின் மறுபக்கத்தில்.

(உருளைக்கிழங்குக்குக் கெச்சுவாவில் பாப்பா என்று பெயர். குழந்தைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று குறித்து வைக்கிறேன்.)

கசப்பான பட்டை தன் பெயரைத் தமிழ் வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. இனிப்பான காய் பாதி வழியில் பெயரைத் தொலைத்தது. மருந்து, வியாபாரிக்குப் பணம். சீசாவில் பெயர் ஒட்டித்தான் விற்பான். விதை அப்படி வருவதில்லை. மாலுமியின் பையிலும் சமையற்காரனின் மூட்டையிலும் பெயரில்லாமல் வந்து, கரையில் இறங்கி, வேலியில் முளைக்கும். முளைத்ததைப் பார்த்த நம் பெண்கள், கொடுத்தவன் யார் என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள். எங்கள் ஆயா செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். அவள் அகரத்து வீட்டுப் பரங்கி என்றபோது, அகரத்து வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்பது அந்தப் பெயருக்குள் இல்லாமல் போனது. பரங்கி என்ற பெயருக்குள் அந்த மலைக்காட்டுப் பெண் இல்லாமல் போனதும் அப்படித்தான்.

*

கெச்சுவா என்பதும் அந்த மக்கள் தாங்களாக வைத்துக்கொண்ட பெயர் அல்ல. தங்கள் மொழியை அவர்கள் ரூனாசிமி என்கிறார்கள். மனிதர் பேச்சு என்று பொருள். கெச்சுவா என்றால் மலையிடுக்கின் மிதவெப்பப் பள்ளத்தாக்கு. 1560-இல் டொமிங்கோ டி சாந்தோ தோமாஸ் என்ற ஸ்பானியத் துறவி அதன் முதல் இலக்கணத்தை ஸ்பெயினில் அச்சிட்டார். பதினெட்டு ஆண்டு கழித்து, 1578-இல், என்ரிக்கே என்ரிக்கஸ் என்ற போர்த்துக்கீசியத் துறவி கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். இந்திய மொழி ஒன்று தன் எழுத்தில் இந்த மண்ணில் அச்சானது அப்போதுதான்.

ஒரே தலைமுறைப் பரங்கிகள் இரண்டு மொழிகளையும் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். பெருவில் பரங்கிகள் செய்த கொலைகளையும் நாசத்தையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் ஜன்னலைத் திறக்கும்போதும் சாவியைத் தேடும்போதும் மேசையில் சாயும்போதும் போர்த்துக்கீசியச் சொற்களைத்தானே தொடுகிறேன்.

*

திருவாதிரை வந்தது. சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனம். வீட்டில் களி கிண்டி, ஏழுகறிக் குழம்பு வைத்தோம். எங்கள் வீட்டு வழக்கப்படி அதில் நாட்டுக்காய்தான் போட வேண்டும்; உருளைக்கிழங்கும் கேரட்டும் ஆகாது. பரங்கி இல்லாமல் குழம்பே கிடையாது. நடராஜருக்கு உகந்த நாளில் நாட்டுக்காயாகப் பெரு நாட்டு மலைக்காய் கொதித்தது. மனைவியிடம் சொன்னேன். கரண்டியை எடுத்துக் கையில் விட்டு ருசி பார்த்துக்கொண்டே, "நானூறு வருஷமா நம்ம அடுப்புல வேகுது. இன்னும் என்ன அசலூரு?" என்றாள். சரிதான்.

கீத்துப் போடும்போது விதைகளை நானே வழித்தெடுத்தேன். சாம்பலில் புரட்டி, முறத்தில் நிழலில் உலர்த்தினேன். ஆயா செய்வது போலவே காகிதத்தில் மடித்து, மேலே பெயர் எழுதினேன். "பரங்கி. அகரத்து வீட்டு விதை. அதற்கு முன் சப்பல்யு."

உங்கள் வீட்டிலும் பொங்கலுக்குப் பரங்கிக்காய் வரும். நறுக்கும் முன் அந்தப் பெயரை ஒரு தரம் சொல்லுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள்.

மடிப்பில் இருபத்திரண்டு விதை இருக்கிறது. ஆடியில் ஊன்ற வேண்டும்.